நூற்றில் இரண்டு

வியாபார உலகத்தில் இப்போது ஒரு மந்திரம் ஓயாமல் உச்சாடனமாகி வருகிறது. ‘சமூகப் பொறுப்பு’ என்று அதற்குப் பெயர். ‘சி.எஸ்.ஆர்.’ என்று மூன்றெழுத்தாகச் சுருக்கியும் சொல்வார்கள். பெரிய கம்பெனிகளில் அதற்கென்று தனி இலாகா உண்டு. தனி அதிகாரி உண்டு. வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட தனி அறிக்கையும் உண்டு. அறிக்கையின் அட்டையில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு கிராமத்துக் குழந்தை தவறாமல் இருக்கும். அந்தக் குழந்தைக்கு என்ன பெயர், எந்த ஊர், படம் எடுத்தவர் காரில் ஏறிப் போன பிறகு அது என்ன ஆயிற்று என்பதெல்லாம் அறிக்கையில் இராது.

நம் நாட்டில் இது வெறும் மந்திரமாக நிற்கவில்லை; சட்டமாகவே ஆகிவிட்டது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், அல்லது 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டாக வேண்டும் என்று அது விதித்தது. பள்ளிக்கூடம், மருத்துவம், குடிநீர், கழிப்பறை, மரம் நடுதல் என்று ஒரு பட்டியலும் சட்டத்தின் வாலில் உண்டு. இந்த வகையில் ஆண்டுக்கு இருபத்தையாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவாகிறது. சின்னத் தொகை அல்ல.

நல்ல காரியம்தானே, இதில் உனக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். அந்த இரண்டு ரூபாயின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதனால் ஒரு பெண் குழந்தைக்குப் பள்ளியில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை கிடைத்தால், அதைக் கட்டியவன் கையை நான் கும்பிடுவேன். என் சண்டை வேறு. நூறு ரூபாய் லாபம் என்று பேரேட்டில் எழுதுவதற்கு முன்னால் அந்த நூறு எந்த வழியாக வந்தது? எந்த வாய்க்காலில் எதைக் கொட்டி வந்தது? யாருடைய கூலியைக் குறைத்து வந்தது? எந்தக் கதவைப் பூட்டி வைத்து வந்தது? இதைக் கேட்க வாயைத் திறந்தால், உடனே அந்த இரண்டு ரூபாயை எடுத்து நம் வாயில் வைத்து அடைத்து விடுகிறார்கள். பசுவைக் கொன்று செருப்புத் தானம் செய்தவனைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லிச் சிரித்தார்கள். இன்று அந்தச் செருப்புக்கு மேடை போட்டு, மாலை போட்டு, விருதும் கொடுக்கிறோம்.

கதை எழுதுகிறவனுக்கு இந்தப் பாத்திரம் மிகவும் பழக்கமானதுதான். பகலெல்லாம் வட்டிக்கு வட்டி எழுதிவிட்டு, சாயங்காலம் கோயில் திருப்பணிக்கு முதல் கையெழுத்துப் போடும் பெரிய மனிதர் இல்லாமல் தமிழில் எத்தனை நாவல்கள் தேறும்? வாசகர்களும் அவரைச் சரியாகத்தான் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பதினைந்தாம் பக்கத்திலேயே ‘இவன் போலி’ என்று முடிவு கட்டி விடுகிறார்கள். அதே வாசகர்கள் காலைப் பத்திரிகையில் அதே மனிதரை, ‘லிமிடெட்’ என்ற வாலோடு சந்திக்கும்போது மட்டும் ஏன் மயங்கிப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத ரகசியம்.

வணிகனை எதற்காகப் புகழ வேண்டும் என்பதில் நம் முன்னோருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. சங்க நூலான பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பெருமையாகப் பேசுகிறது. அவர்கள் சத்திரம் கட்டினார்கள், தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள் என்பதற்காக அல்ல. பழிக்கு அஞ்சினார்கள், தங்கள் சரக்கையும் பிறர் சரக்கையும் ஒரே கண்ணால் பார்த்தார்கள், விலைக்கு மிஞ்சி வாங்கவும் இல்லை, அளவில் குறைத்துக் கொடுக்கவும் இல்லை என்பதற்காகத்தான். தராசுதான் அவனுடைய தர்மம். தராசைக் கோணலாகப் பிடித்துவிட்டு உண்டியலில் தாராளமாகப் போடுவதைப் புண்ணியக் கணக்கில் சேர்க்க அந்தப் புலவருக்குத் தோன்றவில்லை.

இந்த உண்டியல் வித்தையை உலகப் பிரசித்தமாக்கியவர் ஒருவர் உண்டு. ஆண்ட்ரூ கார்னெகி. ஸ்காட்லாந்தில் நெசவாளி வீட்டில் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடியேறி, எஃகு வியாபாரத்தில் கோடி கோடியாகக் குவித்தவர். பணக்காரன் தன் செல்வத்தைத் தன் ஆயுட்காலத்திலேயே ஜனங்களுக்குப் பயன்படச் செலவழித்துவிட வேண்டும் என்று 1889-இல் ஒரு கட்டுரை எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார். அவருடைய பணத்தில் உலகெங்கும் எழுந்த நூல்நிலையங்கள் 2,509. நூல்நிலையம் என்றால் எனக்கு உயிர். ஊர் நூல்நிலையத்து மர பெஞ்சு இல்லாவிட்டால் நம்மில் எத்தனை பேர் எழுத வந்திருப்போம்? ஆகவே கார்னெகியைக் குறை சொல்வதென்றால் எனக்கே நாக்குக் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது.

ஆனால் ஹோம்ஸ்டெட் என்ற ஊரையும் பார்க்க வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தில் ஆற்றங்கரையில் கார்னெகியின் பெரிய எஃகு ஆலை இருந்த இடம். 1892-இல் அங்கே கூலியைக் குறைக்கவும் சங்கத்தை ஒழிக்கவும் தீர்மானித்தார்கள். ‘ஜனங்களுக்கு வாழ்ந்து காட்டும்’ கட்டுரையை எழுதி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கார்னெகி ஸ்காட்லாந்துக்கு உல்லாசமாகப் போய்விட்டார். வேலையை முடிக்கும் பொறுப்பைத் தம் கூட்டாளி ஃப்ரிக்கிடம் விட்டுப் போனார். ஃப்ரிக் ஆலையைச் சுற்றி வேலி எழுப்பினார். தொழிலாளரை வெளியே தள்ளிக் கதவடைத்தார். பிங்கர்ட்டன் கம்பெனியிலிருந்து ஆயுதம் தாங்கிய முந்நூறு பேரைப் படகுகளில் ஏற்றி வரவழைத்தார். ஜூலை 6-ஆம் தேதி ஆற்றங்கரையில் சண்டை மூண்டது. இரு தரப்பிலுமாகக் குறைந்தது பத்துப் பேர் மடிந்தார்கள். பின்னர் மாநிலப் படை வந்தது, சங்கம் முறிந்தது. அதன் பிறகு அந்த ஆலையில் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. ஷிப்டு மாறும் தினத்தில் தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம் உலைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

ஆறு வருஷம் கழித்து, 1898-இல், அதே ஹோம்ஸ்டெட் ஆலைக்கு அருகே மேட்டின் மேல் கார்னெகி ஒரு நூல்நிலையம் கட்டித் திறந்தார். புத்தகம் மட்டுமா? சங்கீத மண்டபம், நீச்சல் குளம்கூட உண்டு. பன்னிரண்டு மணி நேரம் உருகிய இரும்போடு மல்லுக்கு நின்றவன், அந்த மேட்டில் ஏறிப் போய், விளக்கைத் தூண்டி வைத்துக்கொண்டு ஷேக்ஸ்பியர் படிக்க வேண்டும் என்பது எஜமானரின் ஆசை. அவனைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? ‘ஐயா, நூல்நிலையம் இருக்கட்டும், நாலு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள், புத்தகத்தை நானே வாங்கிக் கொள்கிறேன்’ என்றுதானே சொல்லியிருப்பான்? நேரத்தைக் கொடுப்பது செலவு பிடித்த காரியம்; அதற்குக் கல்வெட்டும் கிடையாது. நூல்நிலையம் மலிவு, வாசலில் பெயரும் நிற்கும். இந்தக் கணக்கு 1898-இல் எப்படியோ அப்படியேதான் இன்றைக்கும் இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். கொடைக்கானலுக்குத் தேனிலவுக்குப் போனவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அந்த மலையின் மேல், பாம்பார் சோலைக் காட்டின் விளிம்பில், ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தி, 1980-களில் பாண்ட்ஸ் கம்பெனி ஆரம்பித்தது அது. 1987-இல் உலக அளவில் அந்தக் கம்பெனியை யூனிலீவர் வாங்கியபோது ஆலையும் கைமாறி, பின்னால் இந்துஸ்தான் லீவரின் சொத்தாயிற்று. அங்கே செய்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போயின. அவற்றுக்குள் ஊற்றும் பாதரசமோ, சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகக் கிளம்பும் பொருள். கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை, நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அங்கே வேலைக்குப் போனவர்கள் மலையூர்ப் பிள்ளைகள். நிலையான சம்பளம், சீருடை, பெரிய கம்பெனி என்றால் ஊரில் யாருக்குத்தான் ஆசை இராது?

2001 மார்ச்சில், ஜன நெருக்கம் மிகுந்த மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில், டன் கணக்கில் உடைந்த தெர்மாமீட்டர்க் கண்ணாடி குவிந்து கிடந்ததை ஊரார் கண்டுபிடித்தார்கள். பாதரசம் ஒட்டிய கண்ணாடி, திறந்த வெளியில். ஊரே திரண்டு ஆலை வாசலுக்குப் போயிற்று. ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. குப்பைக்குப் புறப்பட்ட நாட்டுக்கே மறுபயணம் கிடைத்துவிட்டது. அந்த ஆலையில் வேலை செய்த உடம்புகளுக்கு அப்படி ஒரு கப்பல் கிடைக்கவில்லை. தொழிலாளரின் உடல்நலத்துக்கு ஆலையால் கேடு எதுவும் நேரவில்லை என்று கம்பெனி சொல்லிக்கொண்டே இருந்தது. நேர்ந்தது என்று தொழிலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வழக்கு, கமிட்டி, நிபுணர் அறிக்கை, மறுபடியும் கமிட்டி. வருஷங்கள் ஓடின.

இதற்கு நடுவே, 2010-இல், யூனிலீவர் கம்பெனி பூமிக்கும் மக்களுக்கும் தீங்கில்லாமல் தொழிலை வளர்ப்பதென்று ஒரு மாபெரும் திட்டத்தை உலகத்துக்கு அறிவித்தது. உலகமும் கை தட்டியது. பொறுப்புள்ள வியாபாரத்துக்கு உதாரணமாகக் கல்லூரிகளில் பாடமே நடத்தினார்கள். 2015-இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்ற பெண் கொடைக்கானலைப் பற்றி ஒரு ‘ராப்’ பாட்டுப் பாடி வெளியிட்டாள். பதினான்கு வருஷ மகஜர்கள் எட்டாத காதுகளை அந்தச் சில நிமிஷப் பாட்டு எட்டியது. (எழுத்தாளர்கள் இதைப் பொறாமையோடு குறித்துக் கொள்ளலாம்.) மறு வருஷம், 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பணம் கொடுக்கச் சம்மதித்து ஒப்பந்தம் ஆயிற்று. எந்த அடிப்படையில் தெரியுமா? மனிதாபிமான அடிப்படையில்! கடன் என்றால் கடனாளி ஒருவன் வேண்டுமே. கருணை என்று எழுதிவிட்டால் கொடுக்கிறவன் வள்ளல் ஆகிவிடுகிறான். பதினைந்து வருஷம் ஆலை வாசலிலும் கோர்ட் வாசலிலும் நின்று வாங்கியதைக்கூட நம் ஜனங்கள் தானமாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

சான்றிதழ் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், 2012 செப்டம்பர் 11-ஆம் தேதி, அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை தீப்பிடித்து எரிந்து, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பணம் பறிக்க மிரட்டிய கூட்டம் வைத்த தீ என்று 2020-இல் கோர்ட் தீர்ப்பளித்தது. தீ வைத்தவன் குற்றவாளிதான். ஆனால் உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் செத்ததற்குக் காரணம், பூட்டிக் கிடந்த கதவுகளும் கம்பியடித்த ஜன்னல்களும். அந்த ஆலைக்கு, தீப்பிடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தொழிலாளர் நலனிலும் பாதுகாப்பிலும் சர்வதேசத் தரம் வாய்ந்தது என்று நற்சான்றிதழ் வழங்கியிருந்தார்கள். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டத் தெரிந்தவர்களுக்குக் கதவைத் திறந்து வைக்கத் தெரியவில்லை. அங்கே தைத்த உடைகளை வாங்கிய ஜெர்மானியக் கம்பெனி, நான்கு வருஷப் போராட்டத்துக்குப் பிறகு ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் நஷ்ட ஈடு தரச் சம்மதித்தது.

நம் சட்டத்துக்குத் திரும்புகிறேன். பணத்தை எங்கே செலவழிக்கிறார்கள் என்பதும் ஒரு தமாஷ்தான். இந்தப் பொதுப்பணத்தில் பெரும்பங்கு, ஏற்கனவே தொழிலும் பணமும் கொழிக்கும் மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களுக்கே போகிறது. ஆலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்கிறது சட்டம். ஆலையே இல்லாத ஏழை ஜில்லாவுக்கு முன்னுரிமை கொடுக்க யார் இருக்கிறார்கள்? இன்னொன்று: 2016-17-இல் ஐந்து பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் சேர்ந்து ஏறத்தாழ 147 கோடி ரூபாயை, குஜராத்தில் எழுந்த சர்தார் படேலின் பிரமாண்டமான சிலைக்குக் கொடுத்து, அதைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் எழுதிக் கொண்டன. இது அந்தப் பட்டியலில் அடங்காது என்று 2018-இல் மத்திய தணிக்கை அதிகாரி அறிக்கை கொடுத்தார். படேலின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கணக்கு வழக்கில் அவர் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதை நினைத்துப் பார்த்துக் கொண்டேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்து விழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு கம்பெனி அந்தப் பள்ளிக்குக் குடிநீர் சுத்தி செய்யும் இயந்திரம் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. இயந்திரம் ஓர் ஆள் உயரம். அதைக் கொடுத்தவர்கள் பெயரைத் தாங்கிய பலகை இரண்டு ஆள் உயரம். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, எல்லாரும் கலைந்த பிறகு தலைமை ஆசிரியர் காபியை நீட்டியபடி மெல்லிய குரலில் சொன்னார்: “முன்னாலே இந்த வளவுக்குள்ளேயே நல்ல தண்ணிக் கிணறு இருந்ததுங்க ஐயா. ஆலை வந்து ஆறு வருஷம் கழிச்சு மாடுகூட வாய் வைக்கல்லே. அப்புறந்தான் இந்த மிஷின்.” சொல்லிவிட்டு அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதற்கு இதைவிட அழகான படம் எந்தப் படக்காரனும் போட முடியாது. கெட்டுப்போன கிணறு எந்த அறிக்கையிலும் இராது. இயந்திரம் மட்டும் ‘பயன் பெற்ற மாணவர் இத்தனை பேர்’ என்று இருக்கும்.

வியாபாரிக்குச் சமூகப் பொறுப்பே வேண்டாம் என்று சொல்லும் கட்சியும் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்ட்டன் ஃப்ரீட்மன் 1970-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரைதான் அவர்களுக்கு வேதம். மானேஜர் என்பவன் பங்குதாரரின் ஊழியன். அவர்கள் பணத்தை எடுத்து அவன் தர்மம் செய்வது பிறத்தியார் பணத்தில் வள்ளலாவது. லாபம் சம்பாதிப்பதே வியாபாரத்தின் பொறுப்பு என்பது அவர் வாதம். இதில் பாதியை நான் மறுக்கப் போவதில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதைத்தான் அவரும் சொல்கிறார். ஆனால் அவரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: சட்டத்துக்கும் சமூகத்தின் நல்வழக்கத்துக்கும் உட்பட்டு, ஏமாற்றும் மோசடியும் இல்லாமல் சம்பாதிக்க வேண்டும் என்று. அவரை மேற்கோள் காட்டும் கனவான்கள் லாபம் என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிபந்தனை அவர்கள் கண்ணில் படுவதில்லை. மேலும், சட்டத்தை எழுதும் கையையே பிடித்துத் திருப்பக்கூடியவன் ‘நான் சட்டத்துக்கு உட்பட்டவன்’ என்றால் சிரிப்பதா அழுவதா?

“இப்படியெல்லாம் கெடுபிடி செய்தால் ஆலை பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும், பிழைப்புக் கெடும்” என்று பயமுறுத்துவார்கள். இந்தப் பூச்சாண்டிக்குப் பயந்து பயந்துதான் பாலாற்றைப் பறிகொடுத்தோம். தோல் தொழில் அந்நியச் செலாவணி கொண்டு வருகிறது என்று சொல்லிச் சொல்லி, வட ஆர்க்காட்டில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வே சொன்னது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ‘கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும்’ என்று பிரசித்தி பெற்ற தீர்ப்பை வழங்கியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் தீர்ப்பு. அதோடு ஒவ்வொரு தோல் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இருபத்தெட்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், அதே ஆற்றுக்காக அதே கோர்ட் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

திருப்பூர்க் கதை கொஞ்சம் வேறு. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக அணை கட்டினார்கள். அதில் வந்து தேங்கியதோ சாயத் தண்ணீர். ‘தயவு செய்து அணையைத் திறந்து விடாதீர்கள்’ என்று குடியானவர்கள் கெஞ்சிய விசித்திரத்தை அந்த ஆற்றங்கரையில்தான் பார்த்தோம். 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது, தண்ணீரைச் சுத்தி செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. திருப்பூர் செத்தது என்றார்கள். சிறிய பட்டறைக்காரர்கள் மிகவும் கஷ்டப்பட்டார்கள் என்பது உண்மை; சிலர் ரகசியமாக வேறு ஊர் ஆற்றுக்கு இடம் மாறினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் அரசு கடன் கொடுத்தது, சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன, பட்டறைகள் திறந்தன, பனியன் ஏற்றுமதி முன்னைவிடப் பெருகியது. முடியாது என்று இருபது வருஷம் சொன்ன காரியம், பூட்டுப் போட்ட பிறகு முடிந்தது.

பூட்டுக்குக் காத்திராமல் செய்தவர்களும் உண்டு. ஜம்ஷெட்பூர் எஃகு ஆலையில் டாட்டா கம்பெனி 1912-லேயே எட்டு மணி நேர வேலையைக் கொண்டு வந்தது. 1920-இல் சம்பளத்தோடு விடுமுறையும் சேமநிதியும் கொடுத்தது. நாட்டின் சட்டம் ஏறக்குறைய அந்த இடத்துக்கு வந்து சேர 1940-களின் கடைசி ஆயிற்று. கார்னெகியின் உலைக்கு முன்னால் இதை வைத்துப் பாருங்கள். அதே தொழில், கிட்டத்தட்ட அதே காலம்; ஒருவர் நூல்நிலையம் கொடுத்தார், மற்றவர் நேரத்தைக் கொடுத்தார். இதற்காக அந்தக் கம்பெனிக்கு நிரந்தரமாகக் கோயில் கட்டிவிட வேண்டியதில்லை. 2006 ஜனவரி 2-ஆம் தேதி, ஒரிசாவில் கலிங்கநகரில், அதே கம்பெனியின் புதிய ஆலைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து நின்ற ஆதிவாசிகள் மேல் போலீஸ் சுட்டது. பதின்மூன்று ஆதிவாசிகள் மாண்டார்கள். தாத்தா சேர்த்த புண்ணியத்தைப் பேரன் செலவு செய்ய முடியாது. ஒவ்வொரு வருஷமும் கணக்கைப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

இதுவரை நான் முதலாளிகளைத் திட்டியதை நீங்கள் சாவகாசமாக ரசித்திருப்பீர்கள். நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமா? இந்த அறிக்கைகளை எழுதுகிறவன் முதலாளி அல்ல, உங்கள் பிள்ளை. எம்.பி.ஏ. படித்துவிட்டுப் பளபளக்கும் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பையன். சனிக்கிழமை காலையில் கம்பெனி கொடுத்த பனியனை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் மரக்கன்று நட்டு, அதைப் போட்டோ எடுத்து அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்புகிறவனும் அவனே. நட்டுவிட்டு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் காண்ட்ராக்ட் ஆட்களின் கூலிப் பட்டியல் அவன் மேஜைக்கு வரும்போது என்ன செய்கிறான் என்பதல்லவா கேள்வி? நிரந்தர ஊழியனும் காண்ட்ராக்ட் ஊழியனும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கத்தில் நிற்கிறார்கள். கூலி மட்டும் ஒன்று அல்ல. அவர்களுக்குப் பாதுகாப்புக் கையுறை வாங்குவதைப் பொறுப்புச் செலவில் சேர்க்க முடியாது. தன் தொழிலாளருக்கு மட்டும் செய்வது அந்தக் கணக்கில் வராது என்கிறது விதி. நியாயம்தான், அது தர்மம் அல்ல, கடமை. ஆனால் தர்மத்துக்குப் போட்டோ உண்டு, கடமைக்கு இல்லை என்பதால், மரக்கன்றுக்கு இருக்கும் மவுசு கையுறைக்கு இல்லை.

பங்குகளை வைத்திருப்பதும் நாம்தான். நேரே வாங்காவிட்டாலும் மியூச்சுவல் ஃபண்டு மூலம் மாதா மாதம் கட்டுகிறோம். ‘என்ன ஏறியிருக்கிறது?’ என்று கேட்கத் தெரிந்த நமக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றுவதில்லை. இத்தனைக்கும் கேட்க வழி இருக்கிறது. பங்குச் சந்தையின் காவல் அமைப்பான ‘செபி’, 2021-இல் ஒரு புதிய அறிக்கை முறையை வகுத்து, பங்குச் சந்தையில் உள்ள முதல் ஆயிரம் கம்பெனிகளுக்கு 2022-23 முதல் அதைக் கட்டாயமாக்கியது. சிரிக்கும் குழந்தைப் படம் உள்ள பக்கங்களைத் தள்ளிவிட்டு, ஆண்டறிக்கையில் அந்தப் பகுதியைப் புரட்டுங்கள். அழகில்லாத பகுதி, வெறும் கட்டங்கள். நிரந்தர ஊழியர் எத்தனை, மற்றவர் எத்தனை. குறைந்தபட்சக் கூலி மட்டும் பெறுகிறவர் எத்தனை, அதற்கு மேல் பெறுகிறவர் எத்தனை. வேலையில் விபத்துக்குள்ளானவர், இறந்தவர் எத்தனை. எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எவ்வளவு கழிவு நீரை எங்கே விட்டார்கள் என்று எல்லாம் அங்கே எண்களாக இருக்க வேண்டும். இறந்தவர் என்ற கட்டத்தில் ‘2’ என்று இருந்தால் அது இரண்டு வீடு என்பதை நாவல் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் வருடாந்தரப் பொதுக் கூட்டத்தில் எழுந்து பேச உரிமை உண்டு. இப்போது பல கம்பெனிகள் கூட்டத்தை வீடியோவில் நடத்துவதால் வீட்டுக் கூடத்திலிருந்தே பேசலாம். டிவிடெண்டைக் கூட்டுங்கள் என்று கேட்கவும், தலைவரின் ஆரோக்கியத்தை விசாரிக்கவும் அங்கே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். போன வருஷம் நிரந்தரமல்லாத ஊழியர் எத்தனை பேர், இந்த வருஷம் ஏன் கூடியது, விபத்து நடந்த இயந்திரத்துக்கு இப்போது தடுப்பு வைத்தாயிற்றா, கழிவு நீர்க் குழாயின் மறுமுனை எந்த ஊரில் இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் ஒருவராவது கேட்டுப் பாருங்கள்.